கட்டிலை நகர்த்திச் சுவரைப் பாருங்கள்

வாசகர் கேள்விகளுக்கு நெஞ்சக நோய் மருத்துவரின் பதில்கள்

மழைக்காலத்தில் மட்டும் வந்து போகிற இருமலுக்கு வீட்டுச் சுவரும் காரணமாக இருக்கலாம் என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் முப்பது வருடமாக நெஞ்சு நோய் பார்க்கிறேன். இத்தனை வீடுகளில் ஓதம் ஏறியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. கோவையிலிருந்து தாராபுரம் வரை நம்முடையது மழை மறைவுப் பிரதேசம். வால்பாறை மாதிரி மாதக்கணக்கில் கொட்டுகிற மழை இங்கே கிடையாது. 'நம்மூர்ல என்ன பூசணம்' என்கிற அசட்டை அதனால்தான் வருகிறது. கடிதங்களில் ஒன்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களைப் போடவில்லை.

என் பையனுக்கு ஆறு வயசுங்க. ஐப்பசி பொறந்தா ராத்திரி இருமல் ஆரம்பிச்சிருது. பொங்கல் தாண்டுனா தானா நின்னுருது. மூணு வருசமா இப்படித்தான். சொந்த வீடு கட்டியும் மூணு வருசந்தான் ஆச்சு. அவன் படுக்கிற மூலையில சுவத்துல கறுப்பா புள்ளி புள்ளியா வருது. வாட்டர் ப்ரூஃப் பெயிண்டு ரெண்டு தடவை அடிச்சாச்சு. மறுபடியும் வருதுங்க. என்ன மருந்து அடிக்கறது?
— வாசகி, பல்லடம்

அம்மிணி, மூன்று வருட வீடு, மூன்று வருட இருமல், அவன் படுக்கிற மூலை. முக்கியமான மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். இன்றைக்கு ராத்திரியே பையனின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். மீதியைப் பிறகு பார்க்கலாம்.

அந்தக் கறுப்புப் புள்ளி ஒரு பூஞ்சைக் கூட்டம். பூஞ்சையின் வித்து இல்லாத காற்றே கிடையாது. என் அறையிலும் இருக்கிறது, உங்கள் வாசலிலும் இருக்கிறது. அது முளைக்க வேண்டியது ஈரம். தின்பதற்கு பெயிண்டில் இருக்கிற பசையும் சுவரில் படிந்த தூசியும் போதும். நனைந்த இடம் ஒன்றிரண்டு நாளில் காயாவிட்டால் வேலையை ஆரம்பித்துவிடும். ஆகவே என்ன மருந்து அடிப்பது என்பதற்கு முன்னால், தண்ணி எங்கேயிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்காமல் பத்துத் தடவை பெயிண்டு அடித்தாலும் பெயிண்டுக்குப் பின்னால் சுவர் நனைந்தேதான் இருக்கும். முன்பக்கம் அடைத்தால் அது பக்கவாட்டில் வழி தேடிக்கொள்ளும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளில் ஓரடிக்கு ஓரடி வெட்டிக்கொள்ளுங்கள். சுவரில் புள்ளி இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் துடைத்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் மேற்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம்தான் சுவரில் படிகிறது. காற்றோட்டத்தைச் சரிசெய்தால் போதும். பிரித்தெடுக்கும்போது உள்பக்கம் நனைந்திருந்தால் தண்ணி சுவருக்குள் இருக்கிறது.

சுவருக்குள் என்றால், அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று வெளியே போய்ப் பாருங்கள். குளியலறையா? மேலேயிருந்து இறங்குகிற பைப்பா? சன்ஷேடு சுவரோடு சேருகிற இடத்தில் முடி போல ஒரு விரிசலா? பூச்செடி வைக்க மண்ணைக் கொட்டிப் பேஸ்மட்டத்துக்கு மேலே உயர்த்தியிருக்கிறீர்களா? கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் ஓதம் கீழேயிருந்து ஏறுவதைத் தடுக்கப் போட்ட பூச்சையே அந்த மண் தாண்டிவிடுகிறது. சுவருக்குள் புதைத்த பைப் மேல் சந்தேகம் என்றால், ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியின் உள்பக்கம் தண்ணி மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் ஏறிப் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன் இவ்வளவும் நீங்களே செய்துவிடலாம். 'இங்கே உடைங்க' என்று கைகாட்டவும் முடியும்.

தண்ணியை நிறுத்திய பிறகு துடைப்பது. பூசணம் பிடித்த இடம் ஒரு கதவில் பாதி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் போனால் ஆள் வைத்துச் செய்யுங்கள். என்-95 முகக்கவசம், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்திவிட்டு ஆரம்பியுங்கள். காய்ந்த சுவரைச் சீமாறால் தட்டவே கூடாது; வித்து வீடெல்லாம் பறக்கும். முதலில் சோப்புத் தண்ணியைத் தெளித்து நனைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைத் தூக்கி எறிந்துவிடுங்கள். பிறகு ஃபேன் போட்டுக் காய விடுங்கள். சுவரை ஒட்டிக் கிடந்த அட்டைப்பெட்டி, பூசணம் ஏறிய இலவம்பஞ்சுத் தலையணை, மெத்தை இதையெல்லாம் தேறும் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்புவது குளோரின் புகை. மூடிய குளியலறையில் அதை மூச்சில் இழுத்து நுரையீரலில் நீர் கோத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கலக்காதீர்கள்.

இனிப் பையன். ஈரச் சுவர் உள்ள வீட்டில் பூஞ்சை வித்தோடு தூசிப் பூச்சியும் பெருகும். ஆஸ்துமா தன்மை உள்ள குழந்தைக்கு இரண்டுமே மூச்சுக்குழலை வீங்க வைக்கும். ராத்திரி இருமலாகத்தான் அது பெரும்பாலும் வெளியே தெரியும். வெறும் இருமல் டானிக்கோடு விடாமல் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டி ஆஸ்துமாவா என்று பாருங்கள். போகும்போது அந்தச் சுவரை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரம், பூஞ்சை பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. காற்றில் இத்தனை வித்து வரை இருக்கலாம் என்று அதில் எண் எதுவும் கொடுக்கவில்லை. ஈரத்தைத் தடு, வந்தால் சரிசெய் என்பதுதான் அதன் சாரம். அதனால் காற்றைச் சோதிக்கிறேன் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் பிளம்பருக்கு ஆகும்.

எங்க வீட்டுச் சுவத்துல வெள்ளையா மாவு மாதிரி பூக்குது. தொட்டா கையில ஒட்டுது. இதுவும் பூஞ்சையா? மூச்சுக்குக் கெடுதலா?
— வாசகர், அவிநாசி

ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. கரையாமல் நூல் நூலாக நின்றால் பூஞ்சை. உங்கள் பக்கம் ஆயிரம் அடி போர் போட்டு எடுத்த உப்புத் தண்ணியில்தான் பாதி வீடுகளுக்குக் கலவை போடுகிறார்கள். ஆகவே உப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உப்பு நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் உப்பை வெளியே தள்ளிக்கொண்டு வருவதே சுவருக்குள் இருக்கிற தண்ணிதான். இன்றைக்கு உப்பு பூத்த இடத்தில் நாளைக்குப் பூசணமும் பூக்கும். பல்லடம் அம்மிணிக்குச் சொன்ன தேடலை நீங்களும் செய்யுங்கள்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனியில டைலருங்க. லைன் வீடு, பத்துக்குப் பத்து ரூம். நாங்க நாலு பேரு. ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவத்தைப் பாத்து. சமையல், துணி காயப்போடறது எல்லாம் உள்ளதான். பீரோவுக்குப் பின்னாடி பச்சைப் பூசணம். சின்னவளுக்கு வீசிங். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா 'பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க'ன்னு சொல்லிட்டார். டாக்டர்னா வீட்டை மாத்துன்னு சொல்லுவீங்க. அதுக்கு எங்களுக்கு வழியில்லைங்க.
— பெயர் வேண்டாம், திருப்பூர்

தம்பி, வீட்டை மாற்றுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கு மனசு வேறு வேலையில் நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற குடும்பத்துக்குத் துணி காயப்போட நாலு முழம் வெயில் இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

காசு செலவில்லாமல் ஆகக்கூடியதை முதலில் சொல்கிறேன். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். பின்னால் காற்று நுழைந்தால் பூசணத்துக்குப் பிடிமானம் போய்விடும். நாலு பேர் மூச்சு, ஒரு வேளைச் சோறு வேகிற ஆவி, பிழிந்த துணியிலிருந்து ஏறுகிற ஈரம் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாளைக்கு லிட்டர் கணக்கில் தண்ணி அந்தப் பத்தடி அறைக்குள் சுற்றுகிறது. அதில் குறைக்கக்கூடியது துணிதான். மாடியில் கொடி கட்டிக்கொள்ள லைன் வீட்டார் எல்லாரும் சேர்ந்து கேளுங்கள். கிடைக்காத நாளில் வாசல் நடையில் போடுங்கள், உள்ளே வேண்டாம். ஊறப்போட்ட துணியை ராத்திரி முழுக்க பக்கெட்டில் விடாதீர்கள். சோறு கொதிக்கும்போது மூடி போட்டு வையுங்கள். பாயைக் காலையில் சுருட்டி மூலையில் சாத்தாமல், விரித்தபடி கொடியில் தொங்க விட்டு வேலைக்குப் போங்கள். மழைநாளில் விடிகாலைக் காற்றே ஈரமாகத்தான் இருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை கதவையும் ஜன்னலையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். எதிரெதிரே இரண்டு வாய் திறந்தால்தான் காற்று ஓடும்.

செலவு என்று பார்த்தால் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். அதை வீட்டுக்காரர் போட்டுத் தருவதுதான் நியாயம். அவரிடம் குழந்தையின் வீசிங்கைச் சொன்னீர்கள், இளகவில்லை. அடுத்த முறை சுவரைக் காட்டுங்கள். தளத்தில் ஒழுகும் தண்ணி உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், கம்பி பருத்தால் காரை பெயர்ந்து விழும், அவர் சொத்துதான் போகும் என்று சொல்லுங்கள். படம் எடுத்துத் தேதியோடு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். 2017-ஆம் வருடத் தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டடத்தின் பெரிய பழுதுகள், வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது எல்லாம் உரிமையாளர் பொறுப்பில்தான் வருகின்றன. தனியாகப் போய்ச் சண்டை போட வேண்டாம். லைனில் இருக்கிற நாலு வீட்டாரும் சேர்ந்து போங்கள்.

சின்னவளை ராத்திரி சுவரோரம் படுக்க வைக்காதீர்கள், நடுவில் படுக்கட்டும். அவளுக்கு மூச்சு வேகமாகி, விலா எலும்புக்கு நடுவே சதை உள்வாங்கினால் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

எங்க அப்பாவுக்கு 68 வயசு. சுகர் இருக்கு, 300-க்குக் கீழ இறங்கறதில்லை. இருபது வருசத்துக்கு முந்தி டி.பி. வந்து முழுசா மருந்து சாப்பிட்டுச் சரியாச்சு. பாத்ரூம் சுவரெல்லாம் கறுப்பாப் பிடிச்சிருக்கு. கொரோனா சமயத்துல சொன்ன கரும்பூஞ்சை இதுதானா? அப்பாதான் அதைத் தேய்ச்சுக் கழுவறார்.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

இது அது இல்லை. 2021-ல் நாம் பார்த்துப் பதறியது மியூகோர் வகைப் பூஞ்சைகள் உண்டாக்கிய நோய். உங்கள் குளியலறைச் சுவரில் இருப்பது பெரும்பாலும் வேறு இனங்கள்; கிளாடோஸ்போரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் என்று பெயர். சுவரின் நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. கறுப்பானாலும் பச்சையானாலும் துடைக்க வேண்டியதுதான்.

ஆனால் இனிமேல் அப்பா அதைத் தேய்க்கக் கூடாது. கட்டுக்கு வராத சர்க்கரை, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து, மாற்றுச் சிறுநீரகம் இவற்றில் ஒன்று இருந்தாலும் பூசணம் துடைக்கிற வேலை அவர்களுடையது இல்லை. வீட்டில் வேறு யாராவது செய்யட்டும். 2021-ல் அந்த நோய் பிடித்தவர்களில் மிகப் பலர் சர்க்கரை எகிறிக் கிடந்தவர்கள், ஸ்டீராய்டு வாங்கியவர்கள். ஆகவே சுவரைவிட அவசரம் 300-ஐ இறக்குவது. ஒரு பக்கம் மட்டும் முகம் வீங்கி வலித்தாலோ, மூக்கிலிருந்து கறுப்பாக வடிந்தாலோ, கண் வீங்கிப் பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பழைய டி.பி. என்று எழுதினீர்களே, அது எனக்கு முக்கியம். டி.பி. ஆறின இடத்தில் நுரையீரலில் சில பேருக்குக் குழி நின்றுவிடும். அந்தக் குழிக்குள் ஆஸ்பெர்ஜில்லஸ் குடியேறி எலுமிச்சங்காய் போல உருண்டை கட்டும். அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் சளியில் ரத்தம். 'டி.பி. திரும்பிருச்சு' என்று பழைய மருந்துச் சீட்டைத் தேடாமல், மார்புப் படம் எடுத்து, சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். அப்பாவுக்கு ரத்தம் வந்ததே இல்லை என்றாலும் ஒரு தடவை எக்ஸ்ரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓத வாடைக்கு தினமும் சாயங்காலம் சாம்பிராணி போடறோம். பூஞ்சை போயிருமா?
— வாசகி, ஆனைமலை

வாடை மறையும், பூஞ்சை போகாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அந்தப் புகையே ராத்திரி மூச்சிரைப்பைக் கிளப்பும். கும்பிடுவதற்கு என்றால் ஒரு சிட்டிகை போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஈரோட்டு வெயில் உங்களுக்குத் தெரியும். மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் ஏர் கூலர் இல்லாம தூங்க முடியாது. ரெண்டு வருசமா வறட்டு இருமல். இப்ப மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது. ஆறு கிலோ இளைச்சுட்டேன். பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஆஸ்துமான்னு மருந்து எடுத்தும் கேக்கலை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

ஐயா, நீங்கள் தள்ளிப்போடாமல், நுரையீரலை நுணுக்கமாகக் காட்டுகிற எச்.ஆர்.சி.டி. ஸ்கேன் எடுத்து ஒரு நுரையீரல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். எழுதி வைத்துக் காட்டவேண்டிய வாசகம்: 'வீட்டில் ஏர் கூலர் பயன்படுத்துகிறேன்.' கேட்கிற மருத்துவர் சிலர், கேட்காதவர் பலர்.

நுரையீரலின் காற்றறைகளே ஒவ்வாமையால் வீங்கி, நாளடைவில் தழும்பாகிற ஒரு நோய் உண்டு. 2017-ல் வெளியான இந்திய நுரையீரல் திசு நோய்ப் பதிவேட்டில், நாட்டின் 19 நகரங்களைச் சேர்ந்த 1,084 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் 47 சதவீதம் பேருக்கு இந்த ஒவ்வாமை வகைதான். அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் வீட்டில் ஏர் கூலர் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த வாரம் என்னிடம் வந்த ஒரு அரிசி வியாபாரியிடம் கூலரைக் கழற்றி எடுத்து வரச் சொன்னேன். ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். பின்பக்கத் தட்டியைத் திறந்தால் பேடு முழுக்கக் கொழகொழவென்று பச்சையும் கறுப்புமாக, குட்டையில் கிடந்த கோணிச்சாக்கு மாதிரி இருந்தது. கீழே தொட்டித் தண்ணி நூல் விட்டது. அந்த வழியாக வடிகட்டிய காற்றைத்தான் அவர் முகத்துக்கு நேரே ராத்திரி எட்டு மணி நேரம் வாங்கியிருக்கிறார்.

அவர் கூலரை நிறுத்தினார். தழும்பு விழாத பகுதி மருந்தில் தெளிந்தது; விழுந்த தழும்பு அப்படியேதான் இருக்கிறது. உங்களிடம் அவசரப்படுத்துவது அதனால்தான். முடிவு தெரியும்வரை கூலரை ஓட்டவே வேண்டாம், சாதா ஃபேன் போதும்.

கூலர் வைத்திருக்கிற மற்றவர்கள், தொட்டித் தண்ணியை மாற்றாமல் நாள்கணக்கில் மேலே மேலே ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். காலையில் நிறுத்துவதற்கு முன் தண்ணி மோட்டாரை மட்டும் அணைத்து அரை மணி நேரம் வெறும் காற்று ஓட விட்டால் பேடு காயும். வாரம் ஒரு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். பேடு ஒவ்வொரு கோடைக்கும் புதுசு. தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் இதோடு ஒரு வார்த்தை: நனைந்து புழுங்கிப்போன சோளத்தட்டைப் போரிலிருந்து உருவும்போது கிளம்புகிற வெள்ளைத் தூசியும் இதே நோயைத் தரும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு உருவுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் காய்ச்சலும் இருமலும் வந்தால் 'வேலை அலுப்பு' என்று விட்டுவிடாதீர்கள்.

பேத்திக்கு இன்ஹேலர் எழுதிக் குடுத்திருக்காங்க. அது பழகிட்டா விடவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சுவத்தைச் சரி பண்ணிட்டா இன்ஹேலரை நிறுத்தலாமா சாமி?
— ஒரு பாட்டி, உடுமலைப்பேட்டை

அம்மா, இன்ஹேலர் பழக்கமாகிற பொருள் இல்லை. மாத்திரையாகப் போட்டால் உடம்பு முழுக்கச் சுற்றிப் போகிற மருந்தை, மிகச் சின்ன அளவில் நேராக மூச்சுக்குழலில் வைப்பதுதான் அது. சுவரைச் சரிசெய்யுங்கள், இன்ஹேலரையும் கொடுங்கள். மூன்று மாதம் தொந்தரவு இல்லாமல் போனால் மருத்துவரே அளவைக் குறைப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஸ்பேசர் என்கிற குடுவையை மாட்டித்தானே கொடுக்கிறீர்கள்? அது இல்லாவிட்டால் குழந்தைக்குப் பாதி மருந்து நாக்கிலேயே நின்றுவிடும்.

நிலக்கடலை மூட்டை சுவத்தோரம் இருந்து ஓதம் பட்டு பச்சையாப் பூசணம் பிடிச்சிருச்சு. கழுவிக் காயவெச்சு செக்குல குடுத்து ஆட்டிக்கலாமா? இல்லாட்டி மாட்டுக்காவது வெக்கலாமா? ஒரு மூட்டைங்க, எறிய மனசு வரலை.
— விவசாயி, வெள்ளகோவில்

எறியுங்கள் அண்ணா. பாடுபட்டு விளைவித்ததை எறியச் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. கடலை, மக்காச்சோளம், கொப்பரை மூன்றிலும் வருகிற அந்தப் பச்சைப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்கிற நஞ்சைச் சுரக்கும். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததற்குக் காரணம் தேடியபோது, தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கில்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். 1974-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற கிராமங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். கழுவினால் போகாது, வறுத்தாலும் முழுசாக அழியாது. செக்கில் ஆட்டினால் நஞ்சில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயோடும் போகும். அந்தப் புண்ணாக்கை மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கி உங்கள் பேரன் டம்ளருக்கே வரும்.

அடுத்த வெள்ளாமையில் காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கிற வரைக்கும் காய வையுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை போட்டு அடுக்கி, சுவருக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு ஆள் கை நுழைகிற இடம் விடுங்கள்.

எங்களுது நூறு வருசத்துத் தொட்டிக்கட்டு வீடு. மண்ணும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டுனது. பாட்டன் காலத்துல ஓதமே இருந்ததில்லைன்னு சொல்றாங்க. பத்து வருசத்துக்கு முந்தி உள்ளே சிமெண்டுப் பூச்சு பூசி, இடுப்பளவுக்கு எண்ணெய் பெயிண்டு அடிச்சோம். இப்ப பெயிண்டு கொப்புளிச்சு, மேல பூசணம் ஏறுது. இடிச்சுட்டுப் புதுசாக் கட்டிரலாம்ங்கறாங்க பசங்க.
— வாசகர், காங்கேயம்

இடிக்காதீர்கள். இந்தக் கடிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் அம்மா வீட்டில் இதே கதை நடந்தது.

அப்பா தவறிய பிறகு அம்மா ஆசாரத்தில், அதாவது கூடத்தில், படுப்பதை விட்டுவிட்டு உள் அறைக்கு மாறினார். வீடு பழசாகத் தெரிகிறதே என்று அண்ணன் நல்லெண்ணத்தில் சிமெண்டுப் பூச்சும் பளபளவென்று எண்ணெய் பெயிண்டும் செய்து கொடுத்தார். அதற்கு முன்பு வருடா வருடம் மார்கழிக் கடைசியில் சுண்ணாம்பு அடிப்பது வழக்கம், அது நின்றது. இரண்டாம் வருடம் அம்மாவுக்கு இருமல். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. நான் மருந்து கொடுத்தேன். கோடையில் குறைந்தது, மழையில் திரும்பியது. மருந்தைக் கூட்டினேன். இப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று. ஊரார் சுவரையெல்லாம் கேட்கிற நான் என் அம்மா படுக்கிற அறையைக் கேட்கவில்லை. அந்த இரண்டு மழைக்காலத்தையும் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு கார்த்திகை ராத்திரி அம்மா பக்கத்தில் படுத்தேன். புரண்டபோது புறங்கை சுவரில் பட்டது. பெயிண்டுக்கு மேலே, இடுப்பு உயரத்துக்குச் சற்று மேல், சில்லென்று ஈரம். விளக்கைப் போட்டு மரக்கட்டிலை இழுத்தேன். தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால், அம்மாவின் தலை இருந்த அகலத்துக்கு, பூனை முதுகு போல மெத்தென்று சாம்பல் பச்சையில் பூசணம். அன்றைக்கே கட்டிலை ஆசாரத்துக்குக் கொண்டுவந்தோம். மூன்று வாரத்தில் ராத்திரி இருமல் அடங்கியது. கூட்டிய மருந்தைத் தை மாதத்தில் பழைய அளவுக்கு இறக்கினேன்.

நடந்தது இதுதான் ஐயா. அந்தக் காலத்து மண் சுவர் தரையிலிருந்து கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. உறிஞ்சிய ஈரம் அதன் வழியே ஆவியாகி நம் ஊர்க் காற்றில் போய்விடும். சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சைக்கும் பிடிமானம் கிடைக்காது. நாம் சிமெண்டாலும் எண்ணெய் பெயிண்டாலும் அந்த வாயை அடைத்தோம். ஈரம் பெயிண்டு முடிகிற இடம் வரைக்கும் ஏறி, அங்கே வெளியே வந்தது. உங்கள் வீட்டிலும் பெயிண்டுக் கோட்டுக்கு ஒட்டி மேலேதான் பூசணம் இருக்கும், பாருங்கள்.

சரிசெய்வதை மழை நின்று மாசி பிறந்த பிறகு ஆரம்பியுங்கள். முதலில் வெளியே சுவரை ஒட்டிக் கொட்டிய மண்ணையும் சிமெண்டுத் தளத்தையும் எடுத்து, கூரைத் தண்ணி சுவரோரம் விழாமல் வாய்க்கால் விடுங்கள். உள்ளே சிமெண்டுப் பூச்சை இடுப்பளவுக்கு மேலும் ஒரு முழம் சேர்த்துக் கொத்தி எடுங்கள். கொத்துகிறவர் முகக்கவசம் போடட்டும், வீட்டார் அன்றைக்கு அந்தப் பக்கம் வர வேண்டாம். கொத்திய சுவரை உடனே பூசாமல் பங்குனி, சித்திரை இரண்டு மாத வெயிலுக்கும் காற்றுக்கும் விடுங்கள். இந்த இடத்தில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். நாங்களும் ஒரு அறையில் அவசரப்பட்டு மறுபடியும் கொத்தினோம். வைகாசியில் சிமெண்டு கலக்காத சுண்ணாம்பு, மணல் காரை. இந்த வேலை தெரிந்த பழைய கொத்தனார்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்; கோயில் திருப்பணி நடக்கிற இடத்தில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். காரை நன்றாக இறுகியதும் வெள்ளைச் சுண்ணாம்பு மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. கட்டிலையும் பீரோவையும் திரும்பப் போடும்போது சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.